ஒய் இல்லாத சமன்பாடு

ஒரு சென்டிமீட்டர்ப் பக்கமுள்ள சதுரங்களாகத் தடித்த கோடுகளாலும், அச்சதுரம் ஒவ்வொன்றும் நூறு சிறு கட்டங்களாக மெல்லிய கோடுகளாலும் பகுக்கப்பட்டு, பச்சையிலோ வெளிறிய ஆரஞ்சு நிறத்திலோ அச்சாகி, பள்ளிக்கு எதிர்ப்புறக் கடைகளில் ஒற்றைத் தாளாக விற்கப்பட்ட வரைபடத்தாள், தமிழ்வழியில் உயர்நிலைக் கல்வி பயின்ற ஒரு தலைமுறையின் நினைவில் கணிதப் பாடத்தின் ஏனைய பகுதிகளைவிட அழுத்தமாகத் தங்கியிருக்கிறது. பேச்சில் அதற்குக் ‘கிராஃப் ஷீட்’ என்றே பெயர். பரணிலிருந்து இறக்கிய பழைய நோட்டுகளுக்கு நடுவே, ஓரம் பழுப்பேறிய அத்தகைய தாள் ஒன்று அகப்படுமாயின், பென்சில் சீவிய மரத்தூளின் மணமும் அழிரப்பரின் மணமும் கலந்த ஒரு மாலை நேர வகுப்பறை அதனோடு சேர்ந்தே எழுந்து வருவதை அத்தலைமுறையினர் பலரும் உணர்ந்திருப்பர்.

அத்தாளை வாங்குவதற்கும் வைத்திருப்பதற்கும் சில வழக்கங்கள் இருந்தன. மடித்தால் மடிப்புக்கோடு அச்சுக்கோட்டோடு குழம்பிவிடும் என்பதால், அதைச் சுருட்டாமலும் மடிக்காமலும் நோட்டின் நடுவே வைத்துக் கொண்டுவர வேண்டும் என்று ஆசிரியர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தனர். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தேர்வுக்கூடத்திலேயே தரப்படும் தாளில் வரைந்து, அதை விடைத்தாளோடு சேர்த்து வெள்ளை நூலால் கட்டித் தருவது முறையாக இருந்தது. சமச்சீர்க் கல்விப் பாடத்திட்டத்தின் நூறு மதிப்பெண் வினாத்தாளில் செய்முறை வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் தலா 10 மதிப்பெண் இருந்தது; பின்னர் அது 8 ஆயிற்று. மெல்லக் கற்கும் மாணவர்களுக்கென மாலையில் நடந்த சிறப்பு வகுப்புகளில் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டதும் வரைபடமே. ஏனெனில் அச்சுகளை வரைந்து, முனைகளில் அம்புக்குறி இட்டு, வலப்பக்க மேல்மூலையில் ‘அளவுத்திட்டம்’ என்று எழுதி, அட்டவணையைச் சரியாக நிரப்பினாலே, வினாவின் முழுப்பொருள் விளங்காத மாணவரும் கணிசமான மதிப்பெண் பெற்றுவிடலாம். இந்த ஏற்பாடு எத்தனையோ பிள்ளைகளைத் தேர்ச்சி பெறச் செய்தது என்பது உண்மை. ஆனால் கை கற்றுக்கொண்டதை அறிவு கேட்டுப் பார்க்காமலேயே கடந்துபோகும் நிலைக்கும் அதுவே வழிவகுத்தது. அவ்வாறு கேளாமல் விடப்பட்டவற்றுள் மிக எளியதாகத் தோன்றி மிக ஆழமாகச் செல்வது, ஒரே ஒரு மாறியைக் கொண்ட நேரிய சமன்பாட்டை, அதாவது எக்ஸ் = 3 போன்ற ஒன்றை, தளத்தில் வரைவதாகும்.

ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் இரண்டு எண்கோடுகளை எடுத்துக்கொண்டு, கிடையாகச் செல்வதை எக்ஸ் அச்சு என்றும், மேலும் கீழுமாகச் செல்வதை ஒய் அச்சு என்றும், அவை வெட்டும் இடத்தை ஆதிப்புள்ளி என்றும் பெயரிட்டால், தாளின் எந்தப் புள்ளியையும் இரண்டு எண்களால் குறித்துவிட முடிகிறது. அவ்விரு எண்களே அப்புள்ளியின் ஆயத்தொலைவுகள். அவ்வாறு குறிக்கப்படும் தளமே கார்ட்டீசியன் தளம். மாறி என்பது மதிப்பு இன்னதென முன்கூட்டித் தீர்மானிக்கப்படாத எண். நேரிய சமன்பாடு என்பது அம்மாறி முதற்படிக்கு மேல் உயராத சமன்பாடு. ஏழாம், எட்டாம் வகுப்புகளிலேயே ஒரு மாறிச் சமன்பாட்டைத் தீர்க்கப் பழகிவிட்ட மாணவருக்கு எக்ஸ் = 3 என்பது முடிந்துபோன கணக்கு; விடையின் கீழ் இரட்டைக்கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போகலாம். வரைபட வகுப்பிலோ அந்த விடையையே வினாவாகத் தந்து, அதை வரையச் சொன்னார்கள்.

ஓர் அரசுப் பள்ளியில், கட்டங்கள் வரையப்பட்ட கரும்பலகையின் முன் அழைக்கப்பட்ட மாணவன் ஒருவன், எக்ஸ் அச்சில் ஆதிப்புள்ளியிலிருந்து மூன்று கட்டம் வலப்பக்கம் எண்ணி, அங்கே ஒரு புள்ளி வைத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்ப முற்பட்டான். ஒய் என்ன என்று ஆசிரியர் கேட்க, “சமன்பாட்டுல ஒய்யே இல்லையே சார், அப்ப சைபர்தானே?” என்றான். அந்த ஆசிரியர் கோபிக்கவில்லை. “இல்லேன்னா சைபர்னு யாருப்பா சொன்னது? எக்ஸ் மூணா இருக்கணும்னு மட்டும்தான் சொல்லியிருக்கு. ஒய்யைப் பத்தி ஒண்ணுமே சொல்லலை. சொல்லாததை நீயா ஏன் சேர்க்கிறே?” என்று கேட்டுவிட்டு, அவன் கையில் மீண்டும் சுண்ணக்கட்டியைக் கொடுத்தார். பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அவ்வகுப்பில் இருந்தோர் நினைவில் வைத்திருப்பது அந்தக் கேள்வியைத்தான். அவன் பின்னர் வரைந்த கோட்டை அன்று.

கூறப்படாத ஒன்றைச் சுழி எனக் கொள்வது மாணவர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படும் பிழை. அது கவனக்குறைவால் நேர்வதும் அன்று. கூட்டலிலும் கழித்தலிலும் இல்லாத உறுப்பைச் சுழியாக எண்ணுவதற்கு அவர்கள் முறையாகவே பழக்கப்பட்டிருக்கின்றனர்; எக்ஸ் = 3 என்பதில் ஒய்யின் கெழு சுழி என்பதும் உண்மையே. கெழு என்பது மாறியைப் பெருக்கி நிற்கும் எண். சமன்பாட்டை எக்ஸ் + 0 × ஒய் = 3 என விரித்து எழுதினால், சுழியாக இருப்பது ஒய்யைப் பெருக்கும் எண்ணேயன்றி ஒய் அன்று என்பது புலப்படும். ஒய்யின் இடத்தில் 1 இட்டாலும், 50 இட்டாலும், எதிர்மறை எண் ஒன்றை இட்டாலும், சுழியால் பெருக்கப்பட்டவுடன் அது சமன்பாட்டைத் தொடாமல் ஒதுங்கிவிடுகிறது. ஆகவே எக்ஸ் 3 ஆக இருக்கும் புள்ளிகள் அனைத்தும், ஒய்யின் மதிப்பு எதுவாயினும், இச்சமன்பாட்டின் தீர்வுகளே. அவை எல்லாம் சேர்ந்து ஒய் அச்சுக்கு இணையான, மேலும் கீழும் முடிவின்றி நீளும் ஒரு செங்குத்துக் கோடாகின்றன.

அட்டவணை நிரப்பும்போது இதே ஐயம் வேறொரு வடிவில் தலைகாட்டியது. வழக்கமான கணக்குகளில் எக்ஸ் வரிசையில் −2, −1, 0, 1, 2 என மாறும் எண்களை எழுதி, அவற்றிலிருந்து ஒய்யைக் கண்டுபிடித்துப் பழகிய கைகளுக்கு, எக்ஸ் வரிசை முழுவதும் 3, 3, 3, 3 என்று எழுதுவது ஏதோ தவறு செய்வதுபோல் இருந்தது. ஒய் வரிசையில் எந்த எண்ணை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்ற உரிமை அதைவிடக் கூச்சம் தந்தது; கணக்குப் பாடத்தில் விரும்பியதை எழுதலாம் என்று அதற்கு முன் எவரும் அவர்களிடம் சொன்னதில்லை. முன் வரிசை மாணவியர் சிலர், “எதை வேணா போடலாமா டீச்சர்? எல்லாரும் வேற வேற போட்டா எது ரைட்டு?” என்று கேட்டதும், வெவ்வேறு எண்களை எழுதிய நால்வரின் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே ஆசிரியை தூக்கிக் காட்டியதும் நல்ல கற்பித்தலுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லத்தக்கவை. நால்வர் குறித்த புள்ளிகளும் வேறு வேறு, கோடு ஒன்றே.

எக்ஸ் அச்சின் சமன்பாடு ஒய் = 0 என்பதும், ஒய் அச்சின் சமன்பாடு எக்ஸ் = 0 என்பதும் இதன் தொடர்ச்சியாக வருவன. பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்வோர் இவ்விடத்தில் தவறாமல் இடறினர்; எக்ஸ் = 3 என்னும் கோடு எக்ஸ் அச்சுக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும் என்றே முதலில் அவர்கள் கருதினர். அச்சின் பெயரை மனப்பாடமாக ஒட்டவைப்பதைவிட, அக்கோட்டின் மேலுள்ள இரண்டு புள்ளிகளைக் கேட்டு எழுதிப் பார்ப்பதே பயனுள்ள வழி என்பதில் ஐயமில்லை.

இத்தகைய வரைபடத்தைக் கற்பித்த ஆசிரியர்கள், பாடத்தைத் தொடங்குமுன் ரெனே டேகார்ட்டின் பெயரைச் சொல்லி, படுக்கையில் கிடந்த அவர் கூரையில் ஊர்ந்த ஈயைப் பார்த்து இம்முறையைக் கண்டுபிடித்தார் என்ற கதையையும் சொல்வது வழக்கமாக இருந்தது. அக்கதைக்கு நம்பத்தக்க சான்று கிடையாது. எனினும் பின்வரிசை மாணவரையும் நிமிர்ந்து உட்கார வைத்த கதை அது. டேகார்ட் தம் வடிவியல் நூலை 1637இல், முறையியல் பற்றிய தம் உரையின் பின்னிணைப்புகளுள் ஒன்றாக, லைடன் நகரில் வெளியிட்டார். அதே காலத்தில் பியேர் டி ஃபெர்மா இதே கருத்தைத் தனித்தே எட்டியிருந்தார். ஆனால் அவருடைய கட்டுரை அவர் மறைந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 1679இல்தான் அச்சேறியது. அவ்விருவர் நூல்களையும் திறந்து பார்க்கும் இக்கால மாணவருக்கு வியப்பே மிஞ்சும். ஏனெனில் நான்கு கால்பகுதிகளாகப் பிரிந்த, இரண்டு அச்சுகள் கொண்ட கட்டத்தாள் அவற்றில் எங்குமே இல்லை. ஓர் அடிக்கோடு, அதன்மேல் அளந்த ஒரு நீளம், அந்நீளத்தின் முனையிலிருந்து குறிப்பிட்ட கோணத்தில் எழுப்பிய மற்றொரு நீளம் என்பதே அவர்களின் அமைப்பு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் நில அளவையர், வயலின் குறுக்கே ஓர் அடிக்கோடு பிடித்து, அதிலிருந்து வரப்பின் வளைவுகள் வரை செங்குத்துத் தூரங்களை அளந்து புலப்படம் வரைவதைக் கண்டவர்களுக்கு, ஃபெர்மாவின் படம் இன்றைய வரைபடத்தாளைவிட எளிதில் விளங்கும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இறுதிச் சமன்பாட்டில் இரண்டு அறியாக் கணியங்கள் இருக்குமானால் அது ஒரு கோட்டையோ வளைவையோ குறிக்கும் என்பதுதான் ஃபெர்மாவின் அடிப்படைக் கருத்து. ஒரே ஒரு அறியாக் கணியம் இருந்தால், அது கண்டுபிடிக்க வேண்டிய ஒரு நீளம், அவ்வளவே. இன்னொரு வகையில் சொன்னால், கரும்பலகையின் முன் நின்று ஒற்றைப் புள்ளி வைத்த அந்த மாணவன், அம்முறையைக் கண்டெடுத்தவர்களின் பார்வைக்கு அருகிலேயே நின்றான். ஒரு மாறிச் சமன்பாடும் தளத்தில் ஒரு முழுக்கோட்டைக் குறிக்கலாம் எனக் கொள்வதற்கு, தளத்தின் ஒவ்வொரு புள்ளியும் கேட்கப்பட்டாலும் கேட்கப்படாவிட்டாலும் இரண்டு எண்களோடு அங்கே முன்னரே இருக்கிறது என்ற பார்வை வேரூன்ற வேண்டியிருந்தது.

பள்ளிப் பிள்ளைகளின் கைக்குக் கட்டத்தாள் வந்து சேர்ந்தது இன்னும் பிற்காலத்தில். ஜான் பெரி என்னும் பொறியியல் பேராசிரியர் 1901இல் கிளாஸ்கோவில் கூடிய பிரித்தானிய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் மாநாட்டில், கணிதத்தைக் கையால் வரைந்தும் அளந்தும் கற்பிக்க வேண்டும் என்றும், அதற்குக் கட்டமிட்ட தாளைத் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும் என்றும் வாதிட்டார். அதையொட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் பாடநூல்களில் வரைபட இயல்கள் பெருகின. இந்தியப் பள்ளிகளில் நெடுங்காலம் பயிலப்பட்ட ஹால், நைட் இருவரின் இயற்கணித நூலும் பிற்பதிப்புகளில் வரைபடங்களைச் சேர்த்துக்கொண்டது. தாத்தா படித்த அந்த ஆங்கில நூலின் அட்டை கிழிந்த பிரதியை வைத்துக்கொண்டு, பேரன் தன் தமிழ்ப் பாடநூலிலுள்ள கணக்குகளைச் சரிபார்த்த வீடுகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இருந்தன. மொழி வேறானாலும் இரண்டிலும் சமன்பாடு எக்ஸ், ஒய் என்றே நின்றது அதற்கு உதவியது.

சமன்பாட்டைத் தீர்ப்பதும் வரைவதும் வெவ்வேறு இயல்களில் வைக்கப்பட்டதால், அவ்விரண்டுக்கும் இடையே உள்ள மிக அழகிய உறவு பெரும்பாலான வகுப்புகளில் சொல்லப்படாமலே போயிற்று. 3எக்ஸ் − 1 = எக்ஸ் + 5 என்னும் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். இதில் ஒரே மாறிதான் உள்ளது; ஆயினும் இடப்பக்கத்தை ஒய் = 3எக்ஸ் − 1 என்னும் கோடாகவும், வலப்பக்கத்தை ஒய் = எக்ஸ் + 5 என்னும் கோடாகவும் ஒரே தாளில் வரைந்தால், அவை எக்ஸ் 3 ஆகவும் ஒய் 8 ஆகவும் உள்ள புள்ளியில் வெட்டிக்கொள்கின்றன. இனி, மாணவர் வழக்கம்போல் −1ஐ வலப்பக்கம் கொண்டுபோய் 3எக்ஸ் = எக்ஸ் + 6 என எழுதட்டும். இரண்டு கோடுகளும் ஓர் அலகு மேலேறுகின்றன. வெட்டும் புள்ளியின் ஒய் 9 ஆகிறது, எக்ஸ் மூன்றாகவே நிற்கிறது. அடுத்து எக்ஸை இடப்பக்கம் கொண்டுவந்து 2எக்ஸ் = 6 என எழுதினால், ஒரு கோடு சாய்வு குறைந்து ஆதிப்புள்ளியின் வழியே செல்ல, மற்றது கிடைக்கோடாகிவிட, அவை வெட்டுமிடத்தில் ஒய் 6 ஆகிறது; எக்ஸ் அப்போதும் 3. இறுதியில் இரண்டால் வகுத்து எக்ஸ் = 3 என எழுதும்போது, ஒய் = எக்ஸ் என்னும் கோடும் ஒய் = 3 என்னும் கோடும் இரண்டு எண்களும் 3 ஆன புள்ளியில் சந்திக்கின்றன. 8, 9, 6, 3 என வெட்டும் புள்ளி ஏறியும் இறங்கியும் வந்தாலும், அது ஒருபோதும் எக்ஸ் = 3 என்னும் செங்குத்துக் கோட்டை விட்டு விலகவில்லை.

பக்கம் மாறினால் குறி மாறும் என்று சந்தம்போல ஒப்பித்த விதியின் பொருள் முழுவதும் இப்படத்தில் இருக்கிறது. இரு பக்கமும் ஒன்றையே கூட்டலாம், ஒன்றையே கழிக்கலாம், சுழியல்லாத எண்ணால் பெருக்கலாம், வகுக்கலாம் என்னும் உரிமைகள் எல்லாம், அப்புள்ளியை ஒரே செங்குத்துக் கோட்டின்மேல் நகர்த்தும் உரிமைகளே. பக்கம் மாற்றும்போது குறியை மாற்ற மறந்தவர், தம்மையறியாமல் புள்ளியை அக்கோட்டிலிருந்து தள்ளிவிடுகிறார். சிவப்பு மையால் சுழிக்கப்பட்ட எத்தனையோ விடைகளுக்கு இவ்விளக்கம் அன்றே கிடைத்திருந்தால், அவ்விதி அச்சத்தோடு நினைவிற்கொள்ளப்பட்டிருக்காது. எக்ஸ் + 2 = எக்ஸ் + 5 போன்ற கணக்கில் எக்ஸ் காணாமற்போய் 2 = 5 என்று முடிவதைக் கண்டு, எங்கோ பிழை செய்ததாக எண்ணிப் பக்கத்தையே கிழித்த பிள்ளைகளும் உண்டு; இரண்டு கோடுகளையும் வரைந்திருந்தால் அவை இணைகோடுகள் என்பதையும், ஆகவே தீர்வு இல்லை என்பதே சரியான விடை என்பதையும் கண்ணாலேயே கண்டிருப்பர். 2(எக்ஸ் + 1) = 2எக்ஸ் + 2 என்பதிலோ இரு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடுகின்றன; எந்த எண்ணும் தீர்வாகிறது.

பத்தாம் வகுப்பின் வரைபட வினாவிலும் இத்தகைய செங்குத்துக் கோடு அடையாளம் காட்டப்படாமல் வந்து நின்றது. எக்ஸின் வர்க்கத்துக்குச் சமமான ஒய்யின் வளைவரையை, அதாவது கிண்ணம்போல் விரியும் பரவளையத்தை வரைந்து, அதே தாளில் ஒய் = எக்ஸ் + 6 என்னும் நேர்கோட்டையும் வரைந்தால், அவை இரண்டு இடங்களில் வெட்டும். அவ்விரு புள்ளிகளிலிருந்தும் எக்ஸ் அச்சுக்குப் புள்ளிக்கோடுகளை இறக்கி, அவை தொடும் எண்களான −2, 3 ஆகியவற்றைத் தீர்வுகளாக எழுத வேண்டும். ஸ்கேலை நிறுத்திப் பிடித்து, பென்சில் முனையால் விட்டுவிட்டுக் கோடிழுத்த அந்த வேலையை, மதிப்பெண் குறையாமலிருக்கச் செய்யும் கடைசி அலங்காரமாகவே மாணவர் கருதினர். உண்மையில் அப்புள்ளிக்கோடுகளே எக்ஸ் = −2, எக்ஸ் = 3 என்னும் சமன்பாடுகளின் வரைபடப் பகுதிகள். இருபடிச் சமன்பாட்டின் விடை, இரண்டு ஒரு மாறிச் சமன்பாடுகளாகத் தாளில் நின்றுகொண்டிருந்தது. ஒன்பதாம் வகுப்பில் கற்ற பாடம் அங்கே முழுமை பெற்றதை எடுத்துச் சொல்வதற்கு, திருப்புதல் தேர்வுகளின் நெருக்கடியில் எவருக்கும் நேரம் வாய்க்கவில்லை. இது வருந்தத்தக்கது.

காலம் வெகுவாக மாறிவிட்டது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் 2001இல் உருவாக்கத் தொடங்கிய ஜியோஜீப்ரா என்னும் இலவச மென்பொருளில் எக்ஸ் = 3 என்று தட்டச்சு செய்தவுடன், அட்டவணையோ அளவுத்திட்டமோ இன்றிக் கோடு தோன்றிவிடுகிறது; எண்ணை மாற்றினால் கோடும் நகர்கிறது. முன்னர் சொன்ன 8, 9, 6, 3 என்னும் நகர்வைக் கையால் வரைந்து காட்ட ஒரு பாடவேளை முழுவதும் வேண்டும். திரையில் அதைச் சில நொடிகளில் காட்டிவிடலாம். இவ்வசதி பெரிதும் வரவேற்கத்தக்கது. எனினும் கருவிகள் எல்லாம் இக்கோட்டை எளிதில் ஏற்றதில்லை. காசியோ நிறுவனம் 1985இல் வரைபடக் கணிப்பானை வெளியிட்டதிலிருந்து அவ்வகைக் கருவிகள் பலவற்றிலும் வழங்கிய முறை, ஒய் = என்று தொடங்கிச் சார்பை உள்ளிடுவதாகும். சார்பு என்பது எக்ஸின் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒய்யின் ஒரே மதிப்பைத் தருவது; எக்ஸ் = 3 என்னும் கோட்டிலோ ஒரே எக்ஸுக்கு எண்ணற்ற ஒய்கள் உள்ளன. ஆகவே அம்முறையில் இக்கோட்டை உள்ளிட வழியே இல்லை. அதன் சாய்வைக் கணக்கிட முயன்றாலும், ஒய்யின் மாற்றத்தைச் சுழியால் வகுக்க நேர்வதால், அது வரையறுக்கப்படாததாகிறது.

இயற்பியல் வகுப்பில் தொலைவு, காலம் ஆகியவற்றின் வரைபடத்தை வரைந்தவர்கள் இதன் பொருளை இன்னும் தெளிவாக உணர்ந்திருக்கக்கூடும். கிடை அச்சில் காலத்தையும் குத்து அச்சில் தொலைவையும் குறித்தால், நிலையத்தில் நிற்கும் ரயிலுக்குக் கிடைக்கோடு அமையும். வேகம் கூடக்கூடக் கோடு நிமிரும். முற்றிலும் செங்குத்தாக நிற்கும் கோடு, காலம் சிறிதும் செல்லாமல் ரயில் பாதையின் எல்லா இடங்களிலும் ஒரே கணத்தில் இருப்பதைக் குறிக்கும். எந்த ரயிலும் அவ்வாறு ஓடாது. ஆனால் அக்கோடு பயனற்றதன்று. காலை 10 மணிக்கு எந்தெந்த ரயில் எங்கெங்கே இருக்கிறது என்று அறிய விரும்புபவர், பத்து மணியைக் குறிக்கும் எண்ணில் ஒரு செங்குத்துக் கோட்டை இழுத்து, அது ரயில்களின் கோடுகளை வெட்டும் இடங்களைப் படித்துக்கொள்ளலாம்.

இவ்வாறு ஒரே எழுத்தும் ஒரே எண்ணும் கொண்ட ஒரு தொடர், எண்கோட்டில் ஒரு புள்ளியாகவும் தளத்தில் ஒரு கோடாகவும் பொருள் தருவதைப் பார்த்த மாணவருக்கு அடுத்த படி இயல்பாகவே எழும். நல்லாசிரியர் சிலர் வகுப்பறையின் மூலையையே அதற்குப் பயன்படுத்தினர். இரண்டு சுவர்களும் தரையும் கூடும் மூலையை ஆதிப்புள்ளியாகவும், அங்கிருந்து புறப்படும் மூன்று விளிம்புகளை மூன்று அச்சுகளாகவும் கொள்ளச் சொல்லி, ஒரு விளிம்பின் வழியே மூன்று அடி நடந்து நின்று, எக்ஸ் இங்கே மூன்று, ஒய் எதுவாகவும் இருக்கட்டும், உயரமும் எதுவாகவும் இருக்கட்டும், இப்போது எக்ஸ் = 3 எங்கே இருக்கிறது என்று கேட்டனர். கைகளை விரித்துப் பார்த்த பிள்ளைகள், தங்கள் பெஞ்சுகளின் ஊடாக, பக்கச் சுவருக்கு இணையாக, தரையிலிருந்து கூரையைக் கடந்தும் எழுந்து நிற்கும் கண்ணுக்குத் தெரியாத வேறொரு சுவரைத் தாங்களே சொன்னார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் வெக்டர் இயற்கணிதத்தில் தளத்தின் சமன்பாடு பாடமாக வந்தபோது, ஏனையோர் அதைப் புதிய வாய்பாடாக எழுதிக்கொள்ள, அந்த வகுப்பறையில் இருந்தவர்கள் அதைத் தங்களுக்கு முன்பே தெரிந்த சுவராக அடையாளம் கண்டுகொண்டனர்.